கெளுத்தி மீனுக்குத் தடுப்பு மருந்து: ஒரு வரலாறும் ஒரு பாடமும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றதும் விடுதி மெஸ், தேர்வு நாட்கள், நம் பேராசிரியர்கள் என்று எழுதத்தான் கை போகும். அதையெல்லாம் நண்பர்கள் இதே மலரில் என்னைவிடச் சுவையாக எழுதியிருப்பார்கள். அதனால் நான் கொஞ்சம் விலகிப் போய் மீனைப் பற்றி எழுதுகிறேன். மீன் என்றால் வறுக்கிற மீன் இல்லை. காய்ச்சல் வந்த மீன்!

"பொறியியல் படித்தவனுக்கு மீன் வைத்தியத்தில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்காவில் கெளுத்தி மீனுக்குத் தடுப்பு மருந்து வந்த கதையை நான் தேடித் தேடிப் படித்ததற்குக் காரணமே என் படிப்புதான். அங்கே மருந்து கிடைத்த பிறகும் நோய் நிற்கவில்லை. மருந்தை மீனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழி கிடைத்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. இந்த இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஓடின. அந்த இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பருத்திக் காட்டில் மீன் குளம்

மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில் மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே ஒரு பெரிய சமவெளி. அதற்கு 'டெல்டா' என்று பெயர். டெல்டா என்றதும் நம் தஞ்சாவூர் மாதிரி கடலோரம் என்று நினைத்துவிட வேண்டாம். கடல் அங்கிருந்து வெகு தூரம். ஆற்று வெள்ளம் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய களிமண் பூமி. தலைமுறை தலைமுறையாகப் பருத்தி விளைந்த இடம்.

1960-களின் நடுவில் அங்கே சில விவசாயிகள் வயலைச் சுற்றிக் கரை எடுத்து, நிலத்தடி நீரை இறைத்து, கெளுத்தி வளர்க்கத் தொடங்கினார்கள். களிமண் என்பதால் தண்ணீர் கீழே இறங்காது. தரை மட்டமாக இருப்பதால் கரை போடுவது சுலபம். தீவனத்துக்கு வேண்டிய சோயாவும் மக்காச்சோளமும் அந்த வட்டாரத்திலேயே விளைகின்றன. வேறென்ன வேண்டும்? பருத்தியில் கைசுட்டுக்கொண்டவர்கள் பலர் மீனுக்கு மாறினார்கள். பெல்சோனி என்ற சிற்றூர் 'உலகக் கெளுத்தித் தலைநகரம்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு, 1976 முதல் ஆண்டுதோறும் கெளுத்தித் திருவிழாவே நடத்தியது. 1987-இல் அதிபர் ரீகன் ஜூன் 25-ஆம் தேதியைத் தேசியக் கெளுத்தி நாளாக அறிவித்தார்! 2003-இல் அந்நாட்டு ஆலைகள் பதப்படுத்திய பண்ணைக் கெளுத்தி சுமார் 3 லட்சம் டன்.

இந்த மீனின் பெயர் 'சேனல் கெளுத்தி'. நம் ஊர்க் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம். அதே மீசை, அதே செதிலில்லாத உடம்பு. ஒரு குளம் சாதாரணமாகப் பத்து ஏக்கர் இருக்கும். ஆழம் ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. தீவன வண்டி கரைமேல் ஓடிக்கொண்டே மிதக்கும் குருணைத் தீவனத்தைக் காற்றால் ஊதி நீர்ப்பரப்பில் வீசும். குளத்தை வருஷா வருஷம் வற்ற விடுவதும் கிடையாது. பெரிய மீனை வலை போட்டு எடுத்துவிட்டு, அதே தண்ணீரில் புதுக் குஞ்சுகளை விடுவார்கள். செலவுக்கு நல்லது. கிருமிக்கு அதைவிட நல்லது!

தலையில் ஓட்டை

1976-இல் அலபாமா, ஜார்ஜியா மாநிலக் குளங்களில் புதுவிதமாக மீன்கள் சாகத் தொடங்கின. சில மீன்கள் தலையை மேலே தூக்கியபடி தண்ணீரில் செங்குத்தாகத் தொங்கும், திடீரென்று பம்பரம் போலச் சுழலும், பிறகு சாகும். உடம்பில் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள். சில மீன்களுக்கு இரு கண்களுக்கும் நடுவே மண்டையில் புண் வந்து ஓட்டையே விழுந்துவிடும். பண்ணைக்காரர்கள் பேச்சுவழக்கில் இதற்கு 'தலை ஓட்டை நோய்' என்றே பெயர் வைத்தார்கள். ஏட்டில் உள்ள பெயர் 'கெளுத்தியின் குடல்வழி ரத்த நச்சு நோய்', சுருக்கமாக ஈ.எஸ்.சி.

ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்த ஜான் ஹாக், 1979-இல் இதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பற்றி எழுதினார். 1981-இல் அவரும் அட்லாண்டா நோய்த் தடுப்பு மைய ஆய்வாளர்களும் சேர்ந்து அதற்கு 'எட்வர்ட்சியெல்லா இக்டலூரி' என்று பெயரிட்டார்கள். முதல் பாதி அதே அட்லாண்டாவில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் பிலிப் எட்வர்ட்ஸின் நினைவாக. இரண்டாம் பாதி இந்தக் கெளுத்திக் குடும்பத்தின் அறிவியல் பெயரிலிருந்து.

இந்தக் கிருமிக்கு இரண்டு வாசல். ஒன்று மூக்கு: அங்கிருந்து வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கே போய்விடும். மண்டையில் ஓட்டை விழுவது இந்த வழியில்தான். இன்னொன்று குடல்: அங்கிருந்து ரத்தத்துக்கு. இந்தக் குடல் வாசலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் மறுபடி வருகிறது.

இன்னொரு விசேஷம், நோய்க்கு ஒரு பருவம் உண்டு. தண்ணீர் 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதுதான் தாக்கும். அதாவது வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை. நடுக்கோடையிலும் குளிர்காலத்திலும் அடங்கிக் கிடக்கும். அதிகம் அடிபடுவது விரல் அளவு வளர்ந்த இளம் மீன்கள். மீன்வளத்துறையில் 'விரலி' என்பார்களே, அவைதான். 1980-களின் நடுவில் இந்த நோய் கெளுத்திப் பண்ணைகளின் முதல் எதிரியாகிவிட்டது. 1997-இல் அமெரிக்க வேளாண்துறை நடத்திய கணக்கெடுப்பில், நான்கில் மூன்று பங்குக்கும் மேலான பண்ணைகள் ஈ.எஸ்.சி. அல்லது காலம்னாரிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா நோயால் அவதிப்பட்டதாகச் சொல்லின.

தீவனத்தில் மருந்து

நோய் என்றால் மருந்து கொடுக்க வேண்டியதுதானே? கொடுத்தார்கள். ஆண்டிபயாடிக் கலந்த தீவனம் 1980-களிலிருந்தே உண்டு. 2005-இல் ஃப்ளார்ஃபெனிகால் என்ற மருந்துக்கும் இந்நோய்க்காக அனுமதி கிடைத்தது.

இதில் ஒரு சங்கடம். காய்ச்சல் வந்தால் நமக்கே சோறு இறங்காது; மீனுக்கு மட்டும் இறங்குமா? நோய் பிடித்த மீன் தீவனத்தைத் தொடாது. மருந்துத் தீவனத்தை மொத்தமாகத் தின்று தீர்ப்பது நல்ல ஆரோக்கியமாக இருக்கும் மீன்! மருந்து விலையும் அதிகம். அடிக்கடி போட்டால் கிருமிக்கு மருந்து பழகிப்போகும் அபாயமும் உண்டு. இதனால் பல பண்ணைக்காரர்கள் செய்தது என்ன தெரியுமா? நோய் வந்ததும் தீவனத்தையே நிறுத்தினார்கள். கிருமி பரவும் குடல் வழி அடைபடுவதால் சாவு குறையும். ஆனால் பட்டினி கிடக்கும் மீன் எப்படி வளரும்? நோயில் போனது பாதி, பட்டினியில் போனது மீதி என்ற கதைதான்.

மீன் தடுப்பு மருந்தின் முன்கதை

வருமுன் காப்பதுதான் வழி. ஆனால் 'மீனுக்குப் போய் தடுப்பூசியா? யாரு சார் ஒவ்வொண்ணா பிடிச்சு ஊசி போடுறது?' என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும்.

1942-இலேயே டஃப் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் ஊசி இல்லாமல் இதைச் செய்து காட்டினார். ட்ரௌட் மீனைத் தாக்கும் ஒரு பாக்டீரியாவைக் குளோரோஃபார்மில் கொன்று, தீவனத்தில் கலந்து பல வாரம் ஊட்டினார். பிறகு நோயைக் கொடுத்துப் பார்த்தபோது, ஊட்டிய மீன்களில் சாவு வெகுவாகக் குறைந்தது. மீனுக்கும் நோயை நினைவு வைத்துக்கொள்ளும் சக்தி உண்டு என்று தெரிந்தது. ஆனால் அடுத்து வந்தது சல்ஃபா மருந்துகளும் ஆண்டிபயாடிக்குகளும் கோலோச்சிய காலம். டஃப்பின் வேலையை உலகம் மறந்துவிட்டது.

1976-இல்தான் அமெரிக்காவில் முதல் மீன் தடுப்பு மருந்துக்கு உரிமம் கிடைத்தது. ட்ரௌட் மீனின் செவ்வாய் நோய்க்கானது. மருந்து கலந்த நீரில் குஞ்சுகளை முக்கி எடுத்தால் போதும். அடுத்து நார்வே. அந்நாட்டு சால்மன் பண்ணைகளில் 1987-இல் சுமார் 50 டன் ஆண்டிபயாடிக் செலவானது. 1990-களில் எண்ணெய் கலந்த தடுப்பூசி வந்ததும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது ஒரு டன் அளவுக்கு இறங்கியது. அதே காலத்தில் உற்பத்தியோ பல மடங்கு ஏறியது. அங்கே ஒவ்வொரு மீனையும் மயக்கி வயிற்றில் ஊசி போடுகிறார்கள். சால்மன் விலைக்கு அது கட்டும்.

கெளுத்திக்குக் கட்டுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து ஏக்கர் நாற்றங்கால் குளத்தில் ஏக்கருக்கு ஒரு லட்சம் வீதம் பத்து லட்சம் குஞ்சு என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆள் மணிக்கு ஆயிரம் ஊசி போட்டாலும் ஆயிரம் மணி நேரம். இது ஒரே ஒரு குளத்துக்கு! ஒரு குஞ்சின் விலையோ சில காசுகள்தான். ஆக, அமெரிக்கக் கெளுத்திக்கு ஊசி என்ற பேச்சே எடுபடாது.

சாது ஆக்கப்பட்ட கிருமி

கொன்ற கிருமியைக் கொண்டு 1980-களிலும் 90-களிலும் பலர் முயன்றார்கள். பலன் ஒரே சீராக இல்லை. காரணம், இந்தப் பாக்டீரியா உடம்பின் காவல்காரச் செல்லுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்தும். போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஒளிந்த திருடன் மாதிரி! ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் அங்கே எட்டுவதில்லை. செல்களே தயாராகிப் போராட வேண்டும். அந்தப் பயிற்சியைச் செத்த கிருமி தராது. உயிருள்ள, ஆனால் நோய் உண்டாக்காத கிருமி வேண்டும்.

நம் எல்லோர் தோளிலும் உள்ள பி.சி.ஜி. தழும்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் கால்மெட், கெரான் இருவரும் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள் மறுபடி மறுபடி வளர்த்து வளர்த்து அதன் வீரியத்தைப் போக்கினார்கள். அந்த வழியில்தான் ஆபர்னில் இருந்த அமெரிக்க வேளாண்துறை ஆய்வுக்கூடத்தின் பிலிப் கிளேசியஸும் கிரெய்க் ஷூமேக்கரும் போனார்கள். காசநோய்க்கு நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் தருகிறார்களே ரைஃபாம்பிசின், அதே மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, அதிலேயே இந்தக் கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். தாக்குப்பிடித்து வந்த கிருமி தன் மேலுறையின் ஒரு பகுதியை இழந்து சாதுவாகியிருந்தது. அதற்கு 'ஆர்.ஈ.-33' என்று பெயர். 2000-ஆம் ஆண்டு வாக்கில் இது 'அக்வாவாக் ஈ.எஸ்.சி.' என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. மருந்து கலந்த நீரில் குஞ்சுகளைச் சில நிமிடம் வைத்தால் போதும்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

கையில் இருக்கும் வயதும் கற்கும் வயதும்

கெளுத்தி முட்டை பொரிப்பகத்தில் சுமார் ஒரு வாரத்தில் பொரியும். குஞ்சுகள் தொட்டியில் இருப்பது பொரித்தபின் ஏழு முதல் பத்து நாள்தான். அதன்பின் பத்து ஏக்கர் கலங்கல் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அப்புறம் மாதக்கணக்கில் யார் கையிலும் சிக்காது. ஆகவே மருந்து நீரில் முக்க வேண்டுமென்றால், அந்த முதல் பத்து நாளுக்குள்தான் முடியும்.

ஆனால் அந்த வயதில் குஞ்சின் எதிர்ப்புச் சக்தி முழுதாக உருவாகியிருக்காது. அந்த உறுப்புகள் பக்குவப்பட ஏறத்தாழ மூன்று, நான்கு வாரம் ஆகும் என்று ஆய்வுகள் காட்டின. ஆய்வுக்கூடத் தொட்டியில் நல்ல பலன் தந்த மருந்து குளத்தில் ஒரு பண்ணையில் பலித்தது, இன்னொன்றில் பலிக்கவில்லை. போட்ட காசு திரும்புமா என்று விவசாயிக்கு நிச்சயமில்லை. பெரும்பாலான பண்ணைகள் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த இடம்தான். கையில் இருக்கும் வயதில் குஞ்சு கற்காது. கற்கும் வயதில் அது கையில் இல்லை! மருந்தில் குற்றமில்லை, விவசாயியிடமும் குற்றமில்லை. மருந்து போய்ச் சேரும் நேரமும் வழியும்தான் தப்பு. இது உயிரியல் கேள்வியாக இருந்தது போய், நம்மைப் போன்றவர்கள் அன்றாடம் மல்லுக்கட்டும் கேள்வியாக மாறிவிட்டது.

காலமும் இடம் கொடுக்கவில்லை. வியட்நாமிலிருந்து மலிவான கெளுத்தி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதைக் 'கேட்ஃபிஷ்' என்று விற்கக் கூடாது என்று சட்டம், 2003-இல் கூடுதல் வரி என்று எதையெல்லாமோ செய்து பார்த்தார்கள். தீவன விலையும் ஏறியது. 2003-இல் உச்சத்தில் இருந்த உற்பத்தி அடுத்த பத்தாண்டில் பாதிக்கும் கீழே சரிந்தது. குளங்களை மூடிவிட்டு மறுபடி சோயா போட்டவர்கள் பலர். மிஞ்சியவர்களுக்கு ஒவ்வொரு விரலி மீனும் கணக்கில் வரும் நிலை.

தீவன வண்டியே ஊசி

மிசிசிப்பி டெல்டாவில் ஸ்டோன்வில் என்ற ஊரில் ஒரு மீன்வள ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே டேவிட் வைஸ், டெரன்ஸ் கிரீன்வே முதலியோர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். குளத்துக்குள் போன பிறகு மீனைத் தினமும் சந்திப்பது யார்? தீவன வண்டி! அப்படியானால் அதிலேயே மருந்தை ஏற்றினால் என்ன?

போலியோவை நினைத்துப் பாருங்கள். சால்க்கின் ஊசி 1955-இல் வந்தது. சில ஆண்டுகளில் சேபினின் வாய்வழிச் சொட்டு வந்தது. உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட கிருமி. போலியோ வைரஸின் இயற்கை வாசல் குடல்தான். சொட்டு மருந்து அதே வாசலில் போய்க் காவல் வைத்தது. ஊசி போடத் தெரிந்தவர் வேண்டாம். பள்ளிக்கூடத் திண்ணையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கொடுக்கலாம். 1995-இல் நம் நாட்டில் தொடங்கிய பல்ஸ் போலியோ முகாம்களில் நம்மில் எத்தனை பேர் தொண்டு செய்திருப்போம்! 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றதில் அந்தச் சொட்டின் பங்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

கெளுத்தியிலும் அதே நியாயம்தான். இந்தக் கிருமிக்கும் குடல் ஒரு வாசல் என்று முன்பே சொன்னேன். 1997-இல் நோய் கண்ட மீனிலிருந்து எடுத்த ஒரு கிருமியை ஸ்டோன்வில் குழு சாதுவாக்கி, உறைய வைத்துப் பாதுகாத்தது. தேவைப்படும் நாளில் அதை உருக்கி, தண்ணீரில் கலந்து, குருணைத் தீவனத்தின்மேல் படியச் செய்து, கையோடு குளத்தில் வீச வேண்டும். அளவு பிசகாமல் கலக்கவும் சீராகப் பூசவும் தீவனம் போடும் இடத்திலேயே வேலை செய்யும் கருவியையும் அமைத்தார்கள். நேரம்? குஞ்சுகள் விரலிகளாகி மேலே வந்து தீவனம் எடுக்கும்போது, இலையுதிர் கால நோய்ப் பருவம் தொடங்கும் முன்பு. அதாவது மீன் கற்கும் வயதுக்கு வந்த பிறகு, கையால் தொடாமலே!

2015-இல் இந்த ஆய்வு வெளியானது. தொடர்ந்து வணிகப் பண்ணைகளிலேயே சோதனை நடந்தது. அதன் வரவு செலவுக் கணக்கு 2019-இல் வந்தது. மருந்துண்ட குளங்களில் அதிக மீன் பிழைத்தது. தீவனம் வீணாகாமல் சதையாக மாறியது. விவசாயி கையில் மிஞ்சும் பணமும் கூடியது. டஃப் 1942-இல் தீவனத்தில் தொடங்கியதை, எழுபது ஆண்டு சுற்றிவிட்டுத் தீவனத்துக்கே வந்து முடித்தார்கள் என்று சொல்லலாம்.

கதை முடியவில்லை

வியட்நாமின் மெகாங் டெல்டாவிலும் பங்காசியஸ் கெளுத்தியை இதே எட்வர்ட்சியெல்லா தாக்குகிறது. அங்கே 2013-இல் உரிமம் பெற்றது ஊசி மருந்துதான். கிருமி ஒன்றுதான். ஆனாலும் ஆளும் கூலியும் பண்ணை முறையும் வேறாகும்போது வழியும் வேறாகிறது. அங்கே சரியானது இங்கே சரியாக வேண்டும் என்று சட்டமில்லை.

அமெரிக்காவிலும் இப்போது சேனல் கெளுத்தியையும் நீலக் கெளுத்தியையும் கலந்த கலப்பினம் பெருகிவிட்டது. அதற்குப் பழைய கிருமியைத் தாங்கும் சக்தி அதிகம். ஆனால் 2013-இல் தனி இனமாக அடையாளம் காணப்பட்ட எட்வர்ட்சியெல்லா பிசிசிடா அதைத் தொல்லை செய்கிறது. 2009 முதல் அலபாமாவில் வீரியமுள்ள ஏரோமோனாஸ் வேறு. நாம் ஒரு கதவைச் சாத்தினால் கிருமி ஜன்னலைத் தட்டுகிறது. வேலை தொடர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவர்களில் சிலர் நாளை நல்ல நல்ல கண்டுபிடிப்புகள் செய்வீர்கள். அப்போது இந்தக் கெளுத்தியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் பலித்தது என்பது பாதி வழி. யாருக்காகச் செய்தோமோ அவர்களிடம் அது எந்த நேரத்தில், எந்த வழியில், யார் கையால், என்ன செலவில் போய்ச் சேரும் என்பது மீதிப் பாதி. முதல் பாதிக்குப் பரிசும் பட்டமும் கிடைக்கும். இரண்டாம் பாதிக்கு அவை குறைவு. ஆனால் குளத்து விவசாயிக்கு நோய் குறைந்தது இரண்டாம் பாதியில்தான்.

அதற்குப் பெரிய தந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. கரையில் நின்று, இந்த மீனைத் தினமும் யார் பார்க்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார், அவ்வளவுதான். உங்கள் துறை எதுவானாலும், அந்த மாதிரிக் கேள்வி கேட்க ஒரு நாளாவது களத்துக்குப் போய் நில்லுங்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் சேர்க்க உங்களுக்கும் ஒரு பக்கம் கிடைக்கும்!